கணினியில் செய்யும் கேப்புக்கும் பல்லை ராவத்தான் வேண்டும்

ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கினால் ஓமலூர், தாரமங்கலம் பக்கத்திலிருந்து என் பல் மருத்துவமனைக்குப் பற்கறைக்காக வருபவர்கள் கூடிவிடுவார்கள்; முகூர்த்தம் முடிந்தபின், வேறெங்கோ கேப் (பல்லின் மேல் உறைபோல மாட்டுவது) போட்டுக்கொண்டவர்கள் வலியோடு வருவார்கள். அண்மையில் வந்தவர் திருமணமாகி ஓராண்டுகூட ஆகாத இளம்பெண். மேல்வரிசை முன்பற்கள் ஆறுக்கும் ஜிர்கோனியா என்ற கடினமான வெள்ளைச் செராமிக்கில் செய்த கேப் போட்டிருந்தார்கள். ஒரு பல்லின் மேல் ஈறில் சீழ்க்கொப்புளம். எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றி எலும்பு கரைந்திருந்தது. உள்ளே நரம்பு செத்து நாளாகியிருந்தது. "கம்ப்யூட்டர்ல செஞ்சதுங்க டாக்டர், பல்லுக்கு ஒண்ணும் ஆகாதுன்னாங்களே" என்றார் உடன் வந்த தாயார். இதே கேள்வியை இனியும் ஒரு தாய் கேட்கக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

கணினி செய்வது கேப்பை மட்டுமே. வாய்க்குள் ஸ்கேனரைச் செலுத்திப் படம் பிடிப்பதும், திரையில் பல்லின் வடிவத்தை வரைவதும், ஜிர்கோனியாக் கட்டியிலிருந்து இயந்திரம் அதைக் கடைந்தெடுப்பதும் உண்மைதான். ஆனால் அந்த கேப் உட்காருவதற்கு இடம் வேண்டுமே? அந்த இடத்தை உங்கள் பல்லை ராவித்தான் மருத்துவர் உண்டாக்குகிறார், அதுவும் ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே. முன்பல்லுக்கு முழு கேப் போடும்போது ஈறுக்கு வெளியே தெரியும் பல்லில் 60 சதவீதத்துக்கும் மேல் போய்விடலாம். ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதியில் எனாமல் அரை மில்லிமீட்டர்கூட இருப்பதில்லை. அதை ராவிவிட்டால் மறுபடி வளராது; ஆழமாக ராவினால் உள்ளிருக்கும் நரம்பும் செத்துப்போகலாம். உலோகத்தின் மேல் செராமிக் பூசிய பழைய வகையைவிட ஜிர்கோனியாவுக்குச் சற்றுக் குறைவாக ராவினால் போதும் என்பது சரி. "குறைவாக" என்பதை "இல்லவே இல்லை" என்று புரிந்துகொள்வதுதான் இவ்வளவு துன்பத்துக்கும் காரணம்.

தொழில்நுட்பத்தை நான் குறை சொல்லவில்லை. 1985-இல் சூரிச் பல்கலைக்கழகத்தில் வெர்னர் மோர்மன், நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே செராமிக் நிரப்பைக் கணினி உதவியுடன் கடைந்து பொருத்தினார். அதன்பின் இத்துறை மிகத் தூரம் வந்துவிட்டது. கடைந்தெடுத்த ஜிர்கோனியா முதலில் சுண்ணாம்புக் கட்டி போலத்தான் இருக்கும். உலையில் ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸில் சுடும்போது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கி இறுகுகிறது. அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டுப் பெரிதாகக் கடைவது கணினியின் திறமை. ரூட் கெனால் செய்த கடைவாய்ப்பல்லுக்கும், பாதி உடைந்த பல்லுக்கும் நானே விரும்பிப் போடும் கேப் இது. (போட்ட ஜிர்கோனியாவில் துளையிட்டு நரம்புச் சிகிச்சை செய்வது எத்தனை வைரத் துளைமுனைகளைத் தின்னும் என்று எந்தப் பல் மருத்துவரிடமும் கேட்டுப் பாருங்கள்.)

ஆனால் ஃபுளோரைடு கறை படிந்த, மற்றபடி உறுதியான பல்லுக்கு இது முதல் மருந்தன்று. சேலம், தருமபுரி மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் உருவாகும் பருவத்தில், ஏறத்தாழ 8 வயதுக்குள், குடித்த நீரின் விளைவே இக்கறை. இலேசான கறையை மேற்பரப்பை மென்மையாகத் தேய்த்தும், வெளுக்கச் செய்தும் பெருமளவு குறைக்கலாம். ஆழமான கறைக்குப் பல் நிறப் பூச்சு, அதற்கும் மேல் வேண்டுமானால் முன்புறம் மட்டும் ஒட்டும் மெல்லிய வெனீர் என வழிகள் உண்டு. முழு கேப் இவை அனைத்துக்கும் பின்னால்தான் வரவேண்டும். திருமணத்துக்குப் பத்து நாள் முன்பு வந்து நின்றால் இவற்றுக்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது? நிச்சயம் முடிந்த கையோடு வாருங்கள்.

இன்னொன்று: ஸ்கேனர் தன் கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே பதிவு செய்யும். ராவிய பல்லின் விளிம்பில் ஈறு இரத்தம் கசிந்துகொண்டிருந்தால், திரையில் கோடாகத் தெரிய வேண்டிய விளிம்பு கலங்கித் தெரியும். அங்கே ஆய்வகத்தில் இருப்பவர் உத்தேசமாகக் கோடு இழுப்பார். அந்த இடைவெளியில்தான் பின்னாளில் சொத்தை புகும். ஈறை முதலில் ஆற்றிவிட்டு ஸ்கேன் எடுக்கிறேன் என்று மருத்துவர் ஒரு வாரம் கேட்டால், தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள்.

ஒப்புக்கொள்ளும் முன் கேளுங்கள்: எந்தெந்தப் பல்லை, எவ்வளவு ராவப் போகிறீர்கள்? ராவாமல் வேறு வழி உண்டா? எக்ஸ்ரே எடுத்தீர்களா? இரவில் பல்லை நறநறக்கும் வழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கேப்புடன் தரும் பத்து, பதினைந்து ஆண்டு உத்தரவாத அட்டை கேப்புக்குத்தான், அடியிலிருக்கும் உங்கள் பல்லுக்கன்று. கேப் சொத்தையாகாது, விளிம்புக்குக் கீழே பல் சொத்தையாகும். ஆகவே அந்த விளிம்பில் பிரஷ் படாமல் ஒருநாளும் தூங்காதீர்கள்.

ஏற்கெனவே கேப் போட்டிருப்பவர்கள், இரவில் வலி எழுப்பினாலோ, ஈறில் சிறு கொப்புளம் வந்து வந்து மறைந்தாலோ, வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.