டப்பாவின் பின்பக்கம்

எடை குறைக்க வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு வேலை கொடுத்து அனுப்புவேன். அடுத்த முறை வரும்வரை சாப்பிடும் எந்த டப்பாவையும் உறையையும் குப்பையில் போடாமல், கழுவி எடுத்து வர வேண்டும். சாப்பிட்டதை எழுதி வரச் சொன்னால் மறந்துவிடுகிறார்கள், சிலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அப்படி ஒரு பை நிறைய டப்பாக்களோடு ஒருவர் வந்தார். வயது ஐம்பதை நெருங்குகிறது, எடை 80 கிலோ. மூன்று மாதமாக மதியமும் இரவும் 'ஹெல்தி மீல்' என்று அச்சிட்ட தயார் உணவுதான். தினமும் 45 நிமிடம் வேக நடையும் உண்டு. "ஒரு கிலோகூட இறங்கல மேடம். தைராய்டா இருக்குமோ?" என்றார். பரிசோதனையில் தைராய்டு சரியாகவே இருந்தது.

டப்பாவின் முன்பக்கத்தில் பெரிதாக 290 கலோரி என்று இருந்தது. திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் விஷயம் வேறு. அந்த 290 ஒரு சர்விங்குக்கு. உள்ளே இருப்பது இரண்டு சர்விங். பசியோடு உட்கார்ந்தவர் யார்தான் பாதி டப்பாவை மூடி வைப்பார்? ஆக ஒரு வேளைக்கு 580. உடன் வரும் டிரெஸ்ஸிங் (மேலே ஊற்றிக்கொள்ளும் சாஸ்) பாக்கெட் அந்தக் கணக்கிலும் சேரவில்லை. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி என்பதால், அதில் 10 கிராம் எண்ணெய் இருந்தாலே 90 கூடிவிடும்.

நடைக்கும் கணக்குப் போட்டோம். அவர் எடைக்கு 45 நிமிட வேக நடையில் சுமார் 260 கலோரி செலவாகும். சும்மா உட்கார்ந்திருந்தாலே அதில் 60 போயிருக்கும். மீதி 200தான் நடையின் சம்பாத்தியம். நடந்து முடித்த கையோடு அவர் தின்ற புரோட்டீன் பாரின் உறையில் 220 என்று இருந்தது. கூட்டிக் காட்டியதும் மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. என்மேல் இல்லை என்று நம்புகிறேன்.

இதை வைத்து நான் தயார் உணவுக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். வேலை முடிந்து களைத்து வரும் இரவில்தான் பெரும்பாலானவர்களின் உணவுக் கட்டுப்பாடு உடைகிறது. அந்த நேரத்தில் சமைக்கவும் தெம்பு இருக்காது, யோசிக்கவும் இருக்காது. அளவு முடிவாகிவிட்ட ஒரு டப்பா ஃப்ரீசரில் இருப்பது அப்போது பெரிய உதவி. உறைய வைத்ததால் காய்கறியின் சத்தெல்லாம் போய்விடும் என்ற பயமும் தேவையில்லை.

வாங்கும்போது முழு டப்பாவுக்கும் எத்தனை கலோரி என்று முதலில் பாருங்கள். பிறகு புரதம், ஒரு வேளைக்கு 20 கிராமுக்குக் குறைந்தால் நான் பரிந்துரைப்பதில்லை. நார்ச்சத்தும் கணிசமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். அடுத்தது சோடியம். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது சோடியம் 2000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒரே டப்பாவில் 900 இருந்தால் கிட்டத்தட்ட பாதி வரம்பு அங்கேயே தீர்ந்துவிடுகிறது. உப்பு தண்ணீரைப் பிடித்து வைப்பதால் மறுநாள் காலை எடை ஏறிக் காட்டும். அது கொழுப்பு இல்லை என்று தெரியாமல், 'இவ்வளவு செய்தும் ஏறுதே' என்று அந்த வாரமே எல்லாவற்றையும் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எண்கள் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்து ஒரு சோதனை செய்து 2019இல் வெளியிட்டார்கள். இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவின்போது அதே ஆட்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். மெல்ல வேலையில்லாத, குழைந்த உணவு டப்பா என்றால் கூடவே ஒரு கிண்ணம் பச்சைக் காய்கறியோ ஒரு பழமோ வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

உடற்பயிற்சி எதற்கு என்றால், சாப்பிட்டதைக் கழிப்பதற்கு அல்ல. சாப்பாட்டை மட்டும் குறைத்து எடை இறக்கினால், இறங்குவதில் கால் பங்கு வரை தசையும் அதைச் சார்ந்ததுமாக இருக்கலாம். அதைத் தடுப்பது வலுப் பயிற்சியும் போதிய புரதமும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை என்பது பொதுவான பரிந்துரை. இறங்கிய எடை திரும்ப ஏறாமல் இருப்பதில்தான் பயிற்சியின் பங்கு அதிகம் தெரியும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் பேச வேண்டும், சர்க்கரை திடீரென்று இறங்கிவிடக்கூடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைத் தாங்களாகக் கூட்டக் கூடாது.

அந்த மனிதருக்குப் பெரிதாக எதையும் மாற்றவில்லை. தயார் உணவு இரவுக்கு மட்டும், முழு டப்பாவும் 400 கலோரிக்குள். புரோட்டீன் பாரை நிறுத்தினோம். நடை அப்படியே, வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியும் டம்பெல்லும். நான்கு மாதத்தில் 5 கிலோ இறங்கியது. டிரெஸ்ஸிங் பாக்கெட்டுகளை மட்டும் பிரிக்காமல் ஒரு டிராயர் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறாராம். தூக்கிப் போட மனசு வரவில்லை, என்ன செய்வது என்று போன வாரம் கேட்டார். அதற்கு என் படிப்பில் பதில் இல்லை.