காடு தன்னுடையது என்று யார் நிரூபிக்க வேண்டும்?

காட்டில் வாழ்பவர்களின் நில உரிமையை அங்கீகரிக்கும் 2006-இன் வன உரிமைச் சட்டத்தின் கீழ் போட்ட மனு தள்ளுபடியானால், அந்த உத்தரவைப் படித்து மேல்முறையீடு எழுதித் தருவது என் வழக்கறிஞர் தொழிலில் பெரும் பங்கு. பெரும்பாலும் நீலகிரி, ஈரோடு மாவட்டங்களின் மலை ஊர்களிலிருந்து வருபவை. இருளர், சோளகர், ஊராளி, காட்டுநாயக்கர் குடும்பங்கள். உத்தரவுகளில் திரும்பத் திரும்ப வருவது இரண்டு வரிகள்: 'செயற்கைக்கோள் படத்தில் அனுபவம் தெரியவில்லை' (நிலத்தைப் பயன்படுத்தி வந்த தடயம் இல்லை என்று பொருள்), 'மனுதாரர் 75 ஆண்டு ஆதாரம் தரவில்லை'.

இரண்டும் சட்டப்படி நிற்காது. மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு என்ற நிபந்தனை பழங்குடி அல்லாத பிற பாரம்பரிய வனவாசிகளுக்கு மட்டும்தான். பழங்குடிக் குடும்பம் 2005 டிசம்பர் 13-க்கு முன் அந்த நிலத்தில் இருந்தது என்று காட்டினால் போதும். செயற்கைக்கோள் படத்தை மற்ற சான்றுகளுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், அவற்றின் இடத்தில் வைக்கக்கூடாது என்று 2012 திருத்த விதிகள் நேராகவே சொல்கின்றன. மரத்தடியில் போட்ட ராகியும் தேன் எடுக்கும் பாறையும் மேலிருந்து எடுத்த படத்தில் எப்படித் தெரியும்?

அப்புறம் ஏன் இந்த உத்தரவுகள் இப்படியே வருகின்றன? எழுதும் அதிகாரிகள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. சிலர் ஆதிவாசிகள் மேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள். ஆனால் அவர்கள் கையில் இருக்கும் பழக்கம் 140 ஆண்டு பழையது.

1882-இல் வந்த சென்னை வனச் சட்டம் இன்றும் 'தமிழ்நாடு வனச் சட்டம்' என்ற பெயரில் உயிரோடு இருக்கிறது. ஒரு காட்டைக் காப்புக்காடாக்க வேண்டுமென்றால் முதலில் கெஜட்டில் அறிவிப்பு வரும். உரிமைகளை விசாரித்து முடிவு செய்யும் செட்டில்மெண்ட் அதிகாரி ஒருவர் கெடு வைப்பார். உரிமை உள்ளவர்கள் அதற்குள் மனு கொடுக்க வேண்டும். கொடுக்காதவரின் உரிமை அற்றுப்போகும். 1880-களில் தெப்பக்காட்டிலோ தாளவாடியிலோ கெஜட் படித்தவர் யார்? காட்டுக்குள் வாழ்ந்தவர்களின் மௌனத்தைச் சம்மதமாக எழுதிக்கொண்டு எல்லைக்கல் நட்டார்கள்.

இது நடக்காமல் போயிருக்கவும் வாய்ப்பு இருந்தது. 1871-இல் சென்னை ராஜதானியின் வருவாய் வாரியமே இதை எதிர்த்தது. ராஜதானியில் ஏதோ ஓர் ஊரின் எல்லைக்குள் வராத காடு ஏறக்குறைய இல்லை, ஊர்க்காரர்கள் நினைவுக்கு எட்டாத காலமாக அனுபவித்து வருகிறார்கள் என்பது வாரியத்தின் வாதம். வென்றது எதிர்த்தரப்பு. எத்தனை காலம் பயன்படுத்தினாலும் அரசு எழுத்தில் கொடுக்காதவரை அது வெறும் சலுகை, உரிமை ஆகாது என்பது பேடன் பவல் போன்ற அதிகாரிகளின் நிலைப்பாடு. 1878-இன் இந்திய வனச் சட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. 1927 சட்டமும் அதே எலும்புக்கூடுதான். அன்று அதன் நோக்கம் புலி அல்ல, தேக்கு. ரயில் தண்டவாளத்துக்கும் கப்பலுக்கும் மரம் வேண்டியிருந்தது. பிறகு அதே நிலங்கள் சரணாலயங்களாயின, அப்புறம் புலிகள் காப்பகங்களாயின. முதுமலை 1940-இல் சரணாலயம், 2007-இல் புலிகள் காப்பகம். பலகை மாறியது, நிரூபிக்கும் சுமை யார் தலையில் என்பது மாறவில்லை.

2006-இன் வன உரிமைச் சட்டம் மாற்ற முயன்றது இதைத்தான். அதன் முகவுரையே, காலனிய காலத்திலும் சுதந்திரத்துக்குப் பிறகும் நடந்ததை 'வரலாற்று அநீதி' என்று ஒப்புக்கொள்கிறது. இங்கே தொடங்குவது கிராம சபை. ஊரே வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். குழு நிலத்தை நடந்து பார்க்கும், பெரியவர்களின் வாக்குமூலம் வாங்கும். இடுகாடு, சாமி இடம், பழைய கிணறு, நட்ட மரம் எல்லாம் சான்று. அரசுப் பதிவேடுகளும் நீதிமன்ற ஆவணங்களும் சான்றுதான். இங்கேதான் எனக்கு அடிக்கடி சிரிப்பு வருவது. ஒரு சோளகர் குடும்பம் தகரப் பெட்டியில் வைத்திருந்த மஞ்சள் காகிதம் ஒன்றைக் கொண்டுவந்தது. தாத்தா காப்புக்காட்டில் உழுததற்காகக் கட்டிய அபராத ரசீது. அவமானம் என்று ஒளித்து வைத்திருந்தார்கள். அந்த மனுவில் அதைவிட வலுவான ஆவணம் இல்லை: தேதி, இடம், பெயர், வனத்துறையின் முத்திரை. திருட்டு என்று எழுதியவர்களே அனுபவத்துக்குச் சாட்சி சொல்லிவிட்டார்கள்! வனத்துறை காட்டை நிர்வகிக்க எழுதி வைத்த பழைய ஒர்க்கிங் பிளான்களும் இப்படித்தான். கூப்பில், அதாவது வெட்டுவதற்கெனப் பிரித்த காட்டுப் பகுதியில், மரம் வெட்ட எந்த ஊர் ஆட்கள் வருவார்கள் என்று வெள்ளைக்கார அதிகாரி தன் வசதிக்குக் குறித்து வைத்தது, அந்த ஊர் அப்போதே அங்கே இருந்தது என்பதற்கு ஆதாரமாகிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஒரு நாள் செலவழித்தால் போதும். வீட்டில் பழைய அபராதச் சீட்டோ வன வழக்குச் சம்மனோ இருந்தால் தயவுசெய்து எரித்துவிடாதீர்கள்.

தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் நொண்டியதற்குத் தனிக் காரணங்களும் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008 இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது பல ஆண்டு முடங்கியது. 2016-இல் உச்ச நீதிமன்றம்தான் அதை விலக்கியது. பழங்குடிப் பகுதிகளுக்கென அரசியலமைப்பு தனி ஏற்பாடு செய்திருக்கும் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட நம் மாநிலத்தில் இல்லை. அதனால் கிராம சபை என்றதும் மலையும் சமவெளியும் சேர்ந்த முழுப் பஞ்சாயத்தைக் கூட்டிவிடுகிறார்கள். நாற்பது வீட்டு ஊரின் காடு பற்றி நாலாயிரம் பேர் கை தூக்கினால் அது என்ன முடிவு? பதிவில் இல்லாத சிறு குடியிருப்புகளையும் தனியாகப் பட்டியலிட 2012 விதிகளில் வழி இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டும்.

வெளிநாட்டில் இது எப்படி நடக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் கென்யாவைத்தான் சொல்வேன். 1872-இல் அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வந்ததும், அங்கிருந்த பூர்வகுடிகள் வெளியேற்றப்பட்டதும் பலர் அறிந்த கதை. கென்யாவின் மாவ் காட்டு ஒகியெக் மக்களின் கதை நம்முடையதுக்கு இன்னும் நெருக்கம். தேன் எடுப்பதும் வேட்டையும் அவர்கள் வாழ்வு. 1930-களில் பிரிட்டிஷ் அரசின் நில ஆணையம், இவர்களுக்கெனத் தனி நிலம் வேண்டாம், பக்கத்து இனங்களோடு சேர்த்துவிடலாம் என்றது. சுதந்திரக் கென்யாவும் அந்தக் கோட்டிலேயே நடந்தது. 2009 அக்டோபரில் 30 நாளில் காலி செய்யச் சொல்லி வனத்துறை நோட்டீஸ் கொடுத்தது. காரணம், நீர்ப்பிடிப்புக் காட்டைக் காப்பது. வழக்கு அருஷாவில் உள்ள ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 2017 மே 26 அன்று தீர்ப்பு: மாவ் காடு அழிந்ததற்கு ஒகியெக் மக்கள் காரணம் அல்ல, வேறு குழுக்களின் குடியேற்றமும் அரசே கொடுத்த மரம் வெட்டும் அனுமதிகளும்தான். 2022-இல் இழப்பீட்டு உத்தரவும் வந்தது, நிலத்துக்குக் கூட்டு உரிமைப் பத்திரம் கொடுக்கச் சொல்லி. 2023 நவம்பரில் மீண்டும் ஒகியெக் வீடுகள் இடிக்கப்பட்டன. தீர்ப்பு வாங்கினால் முடிந்துவிட்டது என்று நினைக்கும் என் இளைய சக வழக்கறிஞர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

'மக்கள் இருந்தால் காடு பிழைக்குமா?' என்று என்னிடம் கேட்காத கூட்டம் இல்லை. சரி, நியாயமான கேள்விதான். சத்தியமங்கலத்தை ஒட்டி, கர்நாடக எல்லைக்குள் இருக்கும் பிளிகிரிரங்கன் மலையைப் பாருங்கள். சோளகர்கள் கோடையின் தொடக்கத்தில் தரையில் கிடக்கும் சருகுக்கு மட்டும் இலேசாகத் தீ வைப்பார்கள், 'தரகு பெங்கி' என்று பெயர். அது பெரிய தீயைத் தடுக்கும், நெல்லி மரத்தில் தொற்றும் புல்லுருவியையும் கட்டுப்படுத்தும் என்பது அவர்கள் கணக்கு. 1974-இல் சரணாலயம் வந்த பிறகு தீ வைப்பது குற்றமானது. இன்று அங்கே உண்ணிச்செடி ஆள் உயரத்துக்குப் புதராக மண்டிக் கிடக்கிறது, நெல்லியில் புல்லுருவி கூடிவிட்டது. 2011 ஜனவரியில் அது புலிகள் காப்பகமானது. அதே ஆண்டு அக்டோபரில் 25 சோளகர் கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை, அதாவது ஊர் முழுவதற்கும் பொதுவான காட்டு உரிமை, கிடைத்தது. நாட்டில் புலிகள் காப்பகத்துக்குள் அந்த உரிமை பெற்ற முதல் மக்கள் அவர்கள். புலிகளும் அங்கேயே இருக்கின்றன.

இதற்காக எல்லா ஊரும் காட்டிலேயே இருந்தாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பள்ளி வேண்டும், இரவில் யானை பயம் தாங்கவில்லை என்று தாங்களே வெளியே வரக் கேட்ட குடும்பங்களுக்கும் மனு எழுதியிருக்கிறேன். அது அவர்கள் முடிவு. வெளியிலிருந்து போகும் ஆர்வலர்கள், நகரத்து உயிரினப் பிரியர்கள் இருவருமே ஆதிவாசியைப் பொம்மையாக்குவதில் சளைத்தவர்கள் அல்ல.

இப்போது கவனிக்க வேண்டியது இடமாற்றப் பேச்சு. 2024 ஜூனில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம், காப்பகங்களின் மையப் பகுதிகளில் உள்ள 591 ஊர்கள், 64,801 குடும்பங்களை வெளியேற்றும் பணியை விரைவுபடுத்துமாறு மாநிலங்களுக்கு எழுதியது. குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் என்பார்கள். சட்டத்தில் அதற்கு முன்னால் வரிசையாகப் பூட்டுகள் இருக்கின்றன. அந்தப் பகுதியில் எல்லா உரிமை மனுக்களும் தீர்ந்திருக்க வேண்டும். மக்கள் இருப்பதால் விலங்குக்கு மீளாத சேதம் என்று அறிவியல்படி நிறுவ வேண்டும். சேர்ந்து வாழ வழியே இல்லை என்று முடிவாக வேண்டும். விவரம் தெரிந்த கிராம சபை, கட்டாயமின்றி, எழுத்தில் சம்மதிக்க வேண்டும். தனித்தனியாக வீடு வீடாக வாங்கிய கையெழுத்து கிராம சபைத் தீர்மானம் ஆகாது.

உங்கள் ஊருக்கு ரேஞ்சர் இந்தப் பேச்சோடு வந்தால், தொகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன், ஊரின் 'சி' படிவ மனு (ஊர் சேர்ந்து காட்டு வளத்துக்கு உரிமை கேட்கும் மனு) கோட்டாட்சியர் குழுவில் இருக்கிறதா, கலெக்டர் குழுவில் இருக்கிறதா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். தள்ளுபடி என்றால் காரணத்தோடு உத்தரவு கைக்கு வந்தாக வேண்டும். கோட்டாட்சியர் குழுவின் உத்தரவானால் கலெக்டர் தலைமையிலான குழுவுக்கு மேல்முறையீடு செய்ய 60 நாள் இருக்கிறது.