'குறைதீர் கற்பித்தல்' வேண்டாம், 'ஈடுசெய் கற்பித்தல்' என்போம்

பாடத்தில் பின்தங்கிய பிள்ளைக்குத் தனியாகச் சொல்லிக்கொடுப்பதை ஆங்கிலத்தில் ரெமெடியல் டீச்சிங் என்கிறார்கள். அதற்கு பி.எட். கையேட்டில் தொடங்கி ஆசிரியர் பயிற்சிக் கூட்டம் வரை ஒரே தமிழ்தான் ஓடிக்கொண்டிருக்கிறது: குறைதீர் கற்பித்தல். அண்மையில் தருமபுரிப் பக்கம் ஒரு பள்ளியின் அறிவிப்புப் பலகையில் 'குறைதீர் வகுப்பு' என்று எழுதி, அதன் கீழே பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலையும் ஒட்டியிருந்தார்கள். கையேட்டுக்குள் கிடந்தவரை சகித்துக்கொள்ளலாம். பலகைக்கு வந்துவிட்டதால் எழுத வேண்டியதாயிற்று.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் 'ரெமேதியும்' என்றால் மருந்து, குணமாக்கும் வழி. மெடிசினும் இதே வேரிலிருந்து வந்ததுதான். கடந்த நூற்றாண்டின் முற்பாதியில், வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுப்பதற்கு அமெரிக்கப் பள்ளிகளில் இந்தப் பெயர் பரவியது. அவர்கள் மருத்துவமனையிலிருந்து சொல்லை எடுத்தார்கள், நாமும் அங்கேயே போய் நின்றோம். எங்கே தடுமாறுகிறது என்று பார்க்கப் பிள்ளைக்குச் செய்வது குறையறி சோதனை, அப்புறம் குறைதீர் கற்பித்தல். சீட்டு எழுதுவது மட்டும்தான் பாக்கி.

வகுப்பில் உண்மையில் நடப்பது வேறு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இரண்டாம் வகுப்புப் பத்தியைப் படிக்கத் திணறுகிறது என்று வையுங்கள். நல்ல ஆசிரியர் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பிள்ளை எழுத்தில் நிற்கிறதா, சொல்லில் நிற்கிறதா, பத்தியில் நிற்கிறதா என்று பார்த்து அங்கிருந்து தொடங்குவார். பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும், பிரதம் தொண்டு நிறுவனத்தின் ஏசர் கணக்கெடுப்பிலும் எழுத்து, சொல், பத்தி, கதை என்றுதான் படிகள். க, கா, கி, கீ என்று ராகம் போட்டு ஒப்பிக்கும் பிள்ளை, நடுவில் 'கொ'வைக் காட்டினால் விழிக்கும். கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, வாயோ 'க்'கில் தொடங்க வேண்டும். கண் போகும் வரிசையும் ஒலி வரும் வரிசையும் ஒன்றாக இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை இங்கேதான் சிக்கும். சிக்கின இடத்தைக் கண்டுபிடித்து, அந்த ஒன்றை மட்டும் சில நாள் விடாமல் சொல்லிக்கொடுப்பதுதான் இந்த வேலையின் சாரம்.

இதில் 'குறை' எங்கே வருகிறது?

குறை என்ற சொல்லுக்கு நம் ஊரில் இரண்டு வாழ்க்கை. ஒன்று, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டம். பட்டா மாறவில்லை, தண்ணீர் வரவில்லை, முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டது என்று மனு கொடுப்பது. இன்னொன்று உடம்பிலும் புத்தியிலும் இருக்கும் குறைபாடு. குறைதீர் வகுப்பு என்று கேட்டதும் ஒரு தாய்க்கு முதலாவது நினைவுக்கு வருமா, இரண்டாவதா? "எம் பையனுக்கு என்னங்க சார் கொறை? நல்லாத்தானே இருக்கான்" என்று கேட்ட ஓர் அம்மாவுக்கு ஆசிரியர் ஒருவர் அரை மணி நேரம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சொல் சரியாக இருந்திருந்தால் அந்த அரை மணி நேரத்தில் நாலு பிள்ளைகளை வாசிக்க வைத்திருக்கலாம்.

'குறை வேலை', 'அரைகுறை' என்றெல்லாம் சொல்கிறோமே, அங்கே குறை என்றால் முடியாமல் நிற்பது, மீதி என்றுதானே பொருள், ஆகவே குறைதீர் என்றால் மீதியை முடிப்பது என்று ஒரு நண்பர் வாதாடினார். நல்ல வாதம். அகராதியில் செல்லும், பள்ளிக்கூட வாசலில் செல்லாது. அதே வாசலில்தான் வாசிக்கச் சிரமப்படுத்தும் டிஸ்லெக்ஸியா போன்றவற்றுக்குக் 'கற்றல் குறைபாடு' என்கிறோம். அது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இடம்பெற்ற ஒன்று. அதை முறையாக மதிப்பிடவும் சான்றளிக்கவும் தனி வழி உண்டு, தேர்வில் சலுகைகளும் உண்டு. மூன்று மாதம் பள்ளிக்கு வராததால் உயிர்மெய் விட்டுப்போன பிள்ளை வேறு. இரண்டையும் 'குறை' என்ற ஒரே கூடையில் போட்டால் இரண்டு பேருக்கும் நட்டம். முதல் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பீடு கிடைக்காது, இரண்டாவது பிள்ளைக்குத் தேவையில்லாத முத்திரை விழும்.

எங்கள் பக்கத்தில் இந்த இரண்டாவது பிள்ளைதான் அதிகம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி. மாநிலம் 80 விழுக்காடு, நாங்கள் 68.5. பென்னாகரம், அரூர் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் பிள்ளையும் கூடவே போகும். திரும்பி வரும்போது வகுப்பு நாலு பாடம் தாண்டியிருக்கும். அந்தப் பிள்ளைக்கு என்ன குறை? நாள் போயிற்று, அவ்வளவுதான்.

கிருஷ்ணகிரியில் கதை வேறு. ஓசூர், தளி, வேப்பனப்பள்ளி வட்டாரங்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளை பள்ளிக்கு வந்துதான் தமிழைச் சந்திக்கிறது. அந்த இரு மொழிகளிலும் காற்றைக் குறிக்கும் சொல் 'தங்கம்' என்பதில் வரும் 'க' ஒலியில் தொடங்கும். தமிழ்ச் சொற்களின் முதலில் அந்த ஒலி வராது, அதற்கெனத் தனி எழுத்தும் கிடையாது. ஒரே 'க'வை இடம் பார்த்து மாற்றி ஒலிக்க அந்தப் பிள்ளை தடுமாறினால், அதைப் போய் 'மெல்லக் கற்போர்' பட்டியலில் சேர்க்கிறார்கள். கடைத்தெருவில் மூன்று மொழியில் பேரம் பேசும் பிள்ளை மெல்லக் கற்கிறதாம்! மெல்லக் கற்போர் என்பதே ஸ்லோ லேர்னரின் நேர்மொழிபெயர்ப்பு. சிலர் அதையும் மென்மையாக்கி 'மெல்ல மலர்வோர்' என்கிறார்கள். பூவைச் சொன்னால் புண்படாது என்று நினைப்பு. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று வைத்ததை நான் குறை சொல்லமாட்டேன், அவை படிநிலையின் பெயர்கள். பிள்ளை அரும்பில் இருக்கிறது என்றால் நாளை மொட்டுக்குப் போகும் என்று பொருள். 'மெல்ல மலர்வோர்' என்பது ஆளுக்கு வைக்கும் பெயர். ஆளோடு ஒட்டிக்கொண்டு பத்தாம் வகுப்பு வரை வரும்.

இலங்கையில் 'பரிகாரக் கற்பித்தல்' என்கிறார்கள். அங்கே நாட்டு வைத்தியர் பரியாரி, ஆகவே அவர்கள் காதுக்கு அது இயல்பு. இங்கே பரிகாரம் என்றால் திருநள்ளாறு. மொழிபெயர்ப்புகளில் 'பரிகார வகுப்பு' என்று இங்கும் தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது. பிள்ளை எந்தக் கோவிலில் எத்தனை விளக்கு ஏற்ற வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லிவிட்டால் நல்லது. ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் கிடைக்கும் முதல் தமிழைத் தூக்கி வைப்பவர்கள், அந்த வகுப்பில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதினால் பாதிப் பிழை குறையும்.

சரி, வேறு என்ன சொல்வது? நிலத்தை மேடு பள்ளம் இல்லாமல் நிரவுவது போல 'நிரவல் கற்பித்தல்' எனலாம் என்று முதலில் தோன்றியது. அழகான சொல்தான். ஆனால் எந்த ஆசிரியரிடமாவது 'நிரவல்' என்று சொல்லிப் பாருங்கள், பணி நிரவலில் தன்னை எந்த ஊருக்குத் தூக்கியடிக்கப்போகிறார்களோ என்று முகம் வெளுத்துவிடும். கைவிட வேண்டியதாயிற்று.

என் தேர்வு 'ஈடுசெய் கற்பித்தல்'. கெடு கேடானது போல, சுடு சூடானது போல, இடு ஈடானது. கலப்பில்லாத தமிழ். ஆசிரியர்களுக்கு ஈடுசெய் விடுப்பு தெரியும். மழைக்கு விட்ட விடுமுறையை ஈடுசெய்யச் சனிக்கிழமை பள்ளி நடப்பது பெற்றோருக்கும் தெரியும். போனது நாள், போனது பாடம், அதை ஈடுசெய்கிறோம் என்றால் யாரும் கோபித்துக்கொண்டு வரமாட்டார்கள். இன்னொரு வசதியும் உண்டு. வகுப்போடு சேர்ந்து ஓட முடியாததை 'ஈடுகொடுக்க முடியவில்லை' என்றுதான் சொல்கிறோம். இழந்ததும் அந்தச் சொல்லில் இருக்கிறது, எட்ட வேண்டியதும் இருக்கிறது. இட்லிக்கும் ஈடு உண்டே என்று கேலி செய்பவர்கள் செய்யட்டும், அந்த ஈட்டால் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

பட்டியலில் உள்ள பிள்ளைகளுக்குத் தனிப்பெயரே வேண்டாம். 'சொல் நிலையில் உள்ளவர்கள்', 'பத்தி நிலையில் உள்ளவர்கள்' என்று எழுதினால் அடுத்த மாதம் அடித்துவிட்டு மாற்றலாம். குறையறி சோதனையை 'நிலையறி சோதனை' என்று மாற்றிவிடலாம், அதற்கு ஒரு சொல்லைத் திருத்தினால் போதும். அந்தப் பெயர்ப் பட்டியலைப் பலகையில் ஒட்டாமல் ஆசிரியரின் நோட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள எந்த ஆணையும் தேவையில்லை.