சுழல் கீறலோடு சேர்ந்து போவது எது?

கறுப்பு நிறக் கார் ஒன்றை நண்பகல் வெயிலில் நிறுத்தி, பானட்டில் சூரியன் பிரதிபலிக்கும் இடத்தை உற்றுப் பார்த்தால், அந்த ஒளிப்புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போல மெல்லிய கோடுகள் தெரியும். இவற்றையே கார் பாலிஷ் போடும் எங்கள் தொழிலில் ஸ்விர்ல் மார்க், அதாவது சுழல் கீறல் என்கிறோம். உண்மையில் அவை வட்டமானவை அல்ல. எல்லாத் திசைகளிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் நுண்கீறல்களில் ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு வட்டமாகத் தோன்றுகின்றன. கையில் ஒரு டார்ச்சை வைத்துக்கொண்டு நகர்த்திப் பாருங்கள். வட்டமும் கூடவே நகரும்.

கார் பெயின்ட் என்று நாம் பொதுவாகச் சொல்வது, தகட்டின் மேல் ப்ரைமர், அதன் மேல் நிறப்பூச்சு, அதற்கும் மேல் நிறமற்ற கிளியர் கோட் எனப் பல அடுக்குகளாக அமைந்தது. தொழிற்சாலையிலிருந்து வரும் பெரும்பாலான கார்களில் இவையெல்லாம் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான் வரைதான் இருக்கும். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான், அதாவது தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவு. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கி, அடியில் உள்ள நிறம் வெளுக்காமல் காப்பது இந்த அடுக்கே. சுழல் கீறல்களும் இதில்தான் விழுகின்றன.

பாலிஷ் போடுவதென்றால் கீறலை எதையோ வைத்து அடைப்பது என்றே வாடிக்கையாளர்களில் பலர் எண்ணுகிறார்கள். நடப்பது நேர் எதிரானது. கீறலைச் சுற்றியுள்ள பரப்பை அதன் அடிமட்டம் வரை தேய்த்துச் சமன் செய்கிறோம். ஆகவே ஒவ்வொரு முறையும் கிளியர் கோட்டில் கொஞ்சம் போய்விடுகிறது. போனது திரும்ப வளராது.

டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் என்ற தேய்க்கும் மெஷினை நான் விரும்புவதற்குக் காரணம், தவறு செய்பவரை அது ஓரளவு மன்னிக்கும் என்பதுதான். பழைய ரோட்டரி மெஷினில் பேட், அதாவது பெயின்ட்டைத் தேய்க்கும் வட்டத் திண்டு, ஒரே அச்சில் சுழலும். சற்று நேரம் ஓரிடத்தில் நின்றாலே சூடு ஏறிவிடும். தொழிலுக்கு வந்த புதிதில், பானட்டின் விளிம்பில் ரோட்டரியைச் சில நொடிகள் கூடுதலாக வைத்து, அடியிலிருந்த ப்ரைமர் தெரியும் அளவுக்குத் தேய்த்துவிட்டேன். அந்த பானட்டுக்கு மறுபடி பெயின்ட் அடிக்கும் செலவு என் சம்பளத்தில்தான் கழிந்தது. டூயல் ஆக்‌ஷன் மெஷினில் பேட் தன்னைத் தானே சுற்றிக்கொண்டே, மையம் விலகிய ஒரு சிறு வட்டத்திலும் ஆடுகிறது. அந்த வீச்சு 8, 15, 21 மில்லிமீட்டர் என மெஷினுக்கு மெஷின் மாறும். அளவுக்கு மீறி அழுத்தினால் சுழற்சி நின்று, வெறும் அதிர்வு மட்டுமே மிஞ்சும். பேட் பொருத்தும் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் சுழல்கிறதா, நின்றுவிட்டதா என்பது உடனே தெரியும். ஆனால் பல்சக்கரத்தால் கட்டாயமாகச் சுழலும் வகைக்கு இந்தத் தற்காப்பு கிடையாது. கடையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்பதால், கேட்டு வாங்க வேண்டும்.

மெஷினைத் தொடுவதற்கு முன்பே பாதி வேலை இருக்கிறது. காரை நன்றாகக் கழுவி, பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய இரும்புத் துகளைக் கரைத்து, களிமண் போன்ற கிளே பாரால் மிச்ச அழுக்கையும் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அந்தத் துகள்களையே பேடுக்கடியில் வைத்துத் தேய்ப்போம். கார் நிழலில், தகடு சூடு தணிந்து இருக்க வேண்டும். விளிம்புகளுக்கும் ரப்பர் பீடிங்குக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுகிறேன்.

அடுத்து, சோதனைக் கட்டம். பானட்டில் ஒன்றரை அடிச் சதுரத்தைத் தேர்ந்து, மென்மையான ஃபோம் பேடிலும் நயமான பாலிஷிலும் தொடங்குகிறேன். நொடிக்கு ஓர் அங்குலம் என்ற நிதானத்தில், ஒரு தடத்தின் பாதியை அடுத்த தடம் மூடும்படி, குறுக்கும் நெடுக்குமாக நான்கைந்து சுற்று போதும். பிறகு தண்ணீர் கலந்த ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கீறல் போதுமான அளவு போயிருந்தால் முழுக் காருக்கும் அதுவே. போகாவிட்டால் மட்டுமே கடினமான பேடும், பாலிஷைவிடக் கூடுதலாகத் தேய்த்தெடுக்கும் காம்பவுண்டும். நகத்தால் வருடும்போது இடறும் கீறலைத் தேய்த்து எடுக்க நான் முயல்வதில்லை. ஒரு கட்டம் முடிந்ததும் பேடைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்யாமல் அடுத்ததற்குப் போவது, வேகமாக முடிக்க நினைப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

சென்ற ஆண்டு வந்த ஒரு கறுப்பு செடானை மறக்க முடியவில்லை. ஆறு மாதத்துக்கொரு முறை வேறொரு கடையில் ரப்பிங் பாலிஷ் போட்டு வந்ததாக உரிமையாளர் பெருமையோடு சொன்னார். தடிமன் அளக்கும் கேஜை வைத்தேன்: கூரையில் 118 மைக்ரான், பானட்டில் 84. கேஜ் மொத்தத் தடிமனைத்தான் காட்டும். கிளியர் கோட்டை மட்டும் தனியாகக் காட்டாது. கதவு இடுக்கிலும் பெயின்ட் இயல்பாகவே மெலிதாக இருப்பதால் அதை ஒப்பிட முடியாது. இருந்தாலும் யாரும் அதிகம் தேய்க்காத கூரைக்கும் பானட்டுக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு இருந்தால், பானட்டில் காம்பவுண்டை வைக்க என் மனம் ஒப்பாது. இலேசான பாலிஷ் மட்டும் போட்டுவிட்டு, மிஞ்சும் கோடுகளோடு வாழப் பழகுங்கள் என்றேன். அவர் முகம் வாடித்தான் போனார்.

காரைத் திரும்ப வாங்கும்போது, எண்ணெயும் நிரப்பியும் கலந்த கிளேஸ் பூசிக் கீறல் மறைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அத்தகைய பளபளப்பு இரண்டு மூன்று கழுவலில் போய், பழைய வலை மீண்டும் எழும். ஆல்கஹாலால் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒழுங்காக வேலை செய்தவர் தயங்கமாட்டார்.

அந்த செடான் உரிமையாளர் கிளம்பும் முன் டிக்கியைத் திறந்தேன். உள்ளே, காலையில் டிரைவர் தூசி தட்டும் காய்ந்த பனியன் துணி சுருட்டிக் கிடந்தது. அதை நான் வாங்கிக்கொண்டு இரண்டு மைக்ரோஃபைபர் துணிகளைக் கொடுத்து, தண்ணீர் ஊற்றித் தூசி இறங்கிய பிறகுதான் கார்மேல் துணி பட வேண்டும் என்று டிரைவர் அண்ணனிடமே நேராகச் சொல்லி அனுப்பினேன்.