நிரலைப் படிக்காமலே பிழையைப் பிடிக்கும் வித்தை

போன பதிப்பில் ஒழுங்காக ஓடிய ஒரு வசதி, புதிய பதிப்பில் படுத்துவிடுகிறது. இதை ரெக்ரஷன் என்பார்கள். இரண்டு பதிப்புகளுக்கும் நடுவே ஆயிரம் கமிட்டுகள், அதாவது பதிவான மாற்றங்கள், இருக்கலாம். கோளாறு எதில் நுழைந்தது? நிரலை வரிவரியாகப் படித்துத் தேடலாம். ஆனால் நிரலைத் தொடாமல் வரலாற்றை மட்டும் வைத்துத் தேடுவதுதான் பெரும்பாலும் சீக்கிரம் முடிகிறது.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய, நிரலின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கருவியான கிட்டில், அதே ஆண்டே சேர்ந்துகொண்ட கட்டளை பைசெக்ட். நன்றாக இருந்த ஒரு பழைய கமிட்டையும் கெட்டுப்போன ஒரு புதிய கமிட்டையும் காட்டினால், நடுவிலிருந்து ஒன்றை எடுத்துத் தரும். ஓட்டிப் பார்த்து ‘குட்’ அல்லது ‘பேட்’ என்று சொன்னால் சந்தேகப் பட்டியல் பாதியாகிவிடும். 1000 கமிட்டுகளுக்குச் சுமார் 10 சோதனை. 16,000 இருந்தாலும் 14-தான்.

இங்கே ‘நடு’ என்பது தேதிக் கணக்கு அல்ல. கிட் வரலாறு, தனித்தனியே வேலை நடக்கும் கிளைகள் பிரிந்து பிரிந்து மீண்டும் சேரும் வலை. ஒவ்வொரு கமிட்டுக்கும் சந்தேகப் பட்டியலில் எத்தனை முன்னோர்கள் என்று எண்ணிப் பார்த்து, பட்டியலைச் சரிபாதிக்கு மிக நெருக்கமாகப் பிளக்கும் கமிட்டையே பைசெக்ட் தேர்ந்தெடுக்கிறது.

சோதனையை ஒரு ஸ்கிரிப்டாக எழுதி ‘பைசெக்ட் ரன்’னிடம் விட்டுவிட்டால் நாம் உட்கார்ந்திருக்கவே வேண்டாம். ஸ்கிரிப்ட் முடியும்போது தரும் எண் 0 என்றால் நல்லது, 1 முதல் 127 வரை கெட்டது. நடுவில் 125-க்கு மட்டும் தனிப் பொருள்: ‘இதைச் சோதிக்க முடியவில்லை, விட்டுவிடு.’ கம்பைல்கூட ஆகாத, அதாவது ஓடும் நிரலாக மாற்றவே முடியாத கமிட்டுகளுக்கு இது உதவும். 126-ஐயும் 127-ஐயும், கட்டளைகளை ஓட்டும் ஷெல் ஏற்கெனவே தன் பிழைகளுக்காக எடுத்துக்கொண்டதால், மிச்சமிருந்த பெரிய எண் இதற்கு வந்தது.

சிக்கல், சில நேரம் தேறி சில நேரம் தோற்கும் சோதனைகளில் இருக்கிறது. ஒரே ஒரு தவறான பதில் போதும், தேடல் தப்பான பாதிக்குள் போய்விடும். பைசெக்ட் நம் பதிலைச் சந்தேகிப்பதே இல்லை. ஒரு பாவமும் அறியாத கமிட்டைக் கைகாட்டிவிட்டு நின்றுவிடும். அதனால் விடை கிடைத்ததும் அந்த மாற்றத்தை மட்டும் ரிவர்ட் செய்து, அதாவது நீக்கி, கோளாறு போகிறதா என்று பார்க்காமல் யார் மேலும் பழி போடக் கூடாது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. ஒரு கிளையில் ஒருவர், அகலம், உயரம் என்ற வரிசையில் மதிப்புகளை வாங்கிய ஒரு ஃபங்ஷனை (நிரல் துண்டை) உயரம், அகலம் என்று மாற்றி, அதை அழைக்கும் இடங்களையும் திருத்துகிறார். வேறொரு கிளையில் இன்னொருவர் பழைய வரிசைப்படி புதிதாக ஓர் அழைப்பை எழுதுகிறார். கோப்புகள் வேறு என்பதால், கிளைகளைச் சேர்க்கும்போது கான்ஃப்லிக்ட் (மோதல்) எதுவும் வராது. இரண்டு கிளைகளும் தனித்தனியே சோதனையில் தேறும். சேர்ந்த பிறகு படம் கோணலாக வரும். பைசெக்ட், கிளைகளைச் சேர்த்த அந்த மெர்ஜ் கமிட்டில் போய் நிற்கும். தனியாகப் பழி சுமக்க ஒரு வரிகூட அங்கே இருக்காது. இரண்டு கிளைகளின் மாற்றங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிரலைப் படித்துத்தான் ஆக வேண்டும்.