ஊசி போட்டும் பல் ஏன் வலித்தது?

"கடைவாய்ப் பல்லில் சொத்தை. கிராம்பை வைத்தே மூன்று வாரம் ஓட்டினேன். கன்னம் வீங்கியதும் போனேன். இரண்டு ஊசி போட்டும் உயிர் போகிற வலி. 'வலிக்காதும்மா, பயத்துல அப்படித் தோணுது' என்கிறார் டாக்டர். போலி மருந்தா? அன்றிலிருந்து பல் டாக்டர் யாரையும் நம்புவதில்லை" என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார்.

மருந்து போலியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. வலியும் நிஜம்.

பல்லை மரக்கவைக்க நம் ஊரில் பெரும்பாலும் போடுவது லிக்னோகெய்ன். 1943-ல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கியது. நரம்புச் சுவரின் வாசல்கள் வழியே சோடியம் அயனிகள் உள்ளே பாய்வதால்தான் வலிச் செய்தி ஓடுகிறது. வாசலை அடைத்தால் செய்தி நின்றுவிடும். சரி, இது பள்ளிப் பாடம்தான். அடைக்கிற விதத்தைப் பாருங்கள், அதுதான் அழகு.

லிக்னோகெய்ன் வெளியே நின்று கதவைச் சாத்துவதில்லை. நரம்புக்குள் புகுந்து உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போடுகிறது. நரம்பின் சுவர் கொழுப்பால் ஆனது, மின்னூட்டம் உள்ள மூலக்கூறை எளிதில் விடாது. திருச்செந்தூர் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுப் போகிற மாதிரி, ஒரு ஹைட்ரஜன் அயனியைக் கழற்றிப் போட்டால்தான் லிக்னோகெய்னுக்கு அனுமதி. உள்ளே போனதும் இன்னொரு ஹைட்ரஜன் அயனியை மாட்டிக்கொள்கிறது. தாழ்ப்பாள் போடுவது சட்டை போட்ட அந்த வடிவம்தான்!

திசுவின் பி.எச். (அமில அளவுகோல்; எண் குறைந்தால் அமிலம் அதிகம்) இயல்பான 7.4 ஆக இருந்தால், ஏறத்தாழ கால்வாசி மூலக்கூறுகள் சட்டையில்லாமல் நிற்கும். போதுமான அளவு உள்ளே போய்விடும். சீழ் கோத்த இடத்தில் அமிலம் கூடும். அதாவது ஹைட்ரஜன் அயனிகள் மலிந்து கிடக்கும். பி.எச். 6.4-க்கு இறங்கினால் சட்டையில்லாதவை வெறும் 3 சதவீதம்தான். மருந்தில் பெரும்பகுதி நரம்புக்கு வெளியிலேயே தேங்கிவிடுகிறது.

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு, வீக்கத்திலிருந்து தள்ளி, நரம்பு தாடை எலும்புக்குள் நுழைகிற இடத்தில் ஊசி போடுவார்கள். அங்கே அமிலம் கிடையாது. அப்படியும் சிலருக்கு மரக்காது. அழற்சி முற்றிய பல்லின் நரம்பில், லிக்னோகெய்னுக்கு அவ்வளவாக மசியாத வேறு வகைச் சோடியம் வாசல்கள் பெருகிவிடுவது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

ஆக, வலிக்குமே என்று தள்ளிப்போட்ட அந்த மூன்று வாரத்தில்தான் பல் ஊசிக்கு அடங்காததாகிவிட்டது. கிராம்பில் உள்ள யூஜெனால் என்ற பொருள் வலியை மந்தமாக்கியது உண்மை. சொத்தை அதன்பாட்டுக்கு உள்ளே இறங்கிக்கொண்டே இருந்திருக்கும்.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள்மீது எனக்குக் கோபம் வருவதில்லை. பல்லுக்கு ஐந்தாம் மூளை நரம்பு, பார்வைக்கு இரண்டாவது என்று சொன்னால் போதும், பலருக்குப் புரிந்துவிடும். 'பயத்துல தோணுது' என்ற பேச்சைத்தான் பொறுக்க முடியவில்லை. "வீங்கின பல்லும்மா, முழுசா மரக்காமப் போகலாம். வலிச்சா கையைத் தூக்குங்க, நிறுத்திடுறேன்" என்று சொல்ல அரை நிமிடம் ஆகுமா?

அடுத்த முறை போகும்போது, முன்பு ஊசி பிடிக்காமல் போனதை முதலிலேயே சொல்லுங்கள். மருந்தோடு சோடியம் பைகார்பனேட் கலந்து அமிலத்தைக் குறைக்கலாம், பல்லைச் சுற்றியுள்ள எலும்புக்குள்ளேயே ஊசி போடலாம், அவசரமில்லை என்றால் சீழை வடியவிட்டு வேறொரு நாள் வரச் சொல்லலாம்.