மண்வெட்டியின் கோணமும் கத்தியின் பதமும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கே, கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் விளைகளில், அதாவது மேட்டு நிலத் தோட்டங்களில், வேலை செய்தவர்கள் அங்குள்ள செம்மண்ணின் இரட்டைக் குணத்தை நன்கு அறிவார்கள். ஆனி, ஆடி மழையில் எளிதாக இளகிக் கொடுக்கும் அதே நிலம், மாசி, பங்குனி வெயிலில் மண்வெட்டியைத் திருப்பி எறியும். 1807-இல் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவரான பிரான்சிஸ் புக்கானன் மலபாரின் அங்காடிப்புரத்தில் இவ்வகைச் செம்பாறையை விவரித்தபோது, தோண்டுகையில் இரும்புக் கருவியால் வெட்ட வருவதும், காற்றுப்பட்டுக் காய்ந்ததும் கடினமாகிவிடுவதுமே அதன் சிறப்பியல்பு எனக் குறிப்பிட்டார். நீர் வற்றும்போது இரும்பு ஆக்சைடுகள் துகள்களைப் பிணைத்து இறுக்குவதே இதற்குக் காரணம். இத்தகைய மண்ணுக்குக் கருவி வாங்குகிறவர்களில் பலர் எடையையும் பளபளப்பையும் பார்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள்; பார்க்க வேண்டியவை வேறு.

ஐம்பது கிலோ எடைக்குச் சமமான விசை, 20 சென்டிமீட்டர் அகலமும் அரை மில்லிமீட்டர் தடிமனும் உள்ள விளிம்பின் வழியே மண்ணில் இறங்கினால், அது ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் குவிகிறது. தேய்ந்து மழுங்கிய விளிம்பு இரண்டு மில்லிமீட்டர் தடித்திருந்தால் பரப்பு நான்கு மடங்காகி, அழுத்தம் கால் பங்காகக் குறைகிறது. எடையைக் கூட்டி இதை ஈடுகட்ட முடியாது. இயக்க ஆற்றல் நிறையோடு நேர் விகிதத்திலும், வேகத்தோடு இருமடி விகிதத்திலும் கூடுவதால், விநாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் இறங்கும் இரண்டு கிலோ மண்வெட்டியின் ஆற்றல் 25 ஜூல் என்றால், கை சோர்ந்து நான்கு மீட்டர் வேகத்தில் இறங்கும் மூன்று கிலோ மண்வெட்டியின் ஆற்றல் 24 ஜூல் மட்டுமே.

காம்புக்கும் தகட்டுக்கும் இடையிலான கோணம் இன்னும் முக்கியமானது. ஓங்கி இறக்கும் மண்வெட்டியின் விளிம்பு ஒரு வட்ட வில்லின் மீது நகர்கிறது. மண்ணைத் தொடும் கணத்தில் தகடு அந்த வில்லின் தொடுகோட்டோடு ஒன்றியிருந்தால்தான் விளிம்பு முதலில் நுழையும். கோணம் பிசகினால் தகட்டின் முகம் மண்ணில் மோதி, அதிர்வு மணிக்கட்டுக்கு ஏறும். இந்தக் கோணம் ஆளின் உயரத்தையும் காம்பின் நீளத்தையும் பொறுத்தது என்பதால், ஒருவருக்குப் பொருந்தும் மண்வெட்டி மற்றவருக்குப் பொருந்த வேண்டியதில்லை. கொல்லரிடம் கொடுத்தால், கழுத்துப் பகுதியைக் காய்ச்சித் திருத்தித் தருவார்.

வெட்டுக்கத்தியில் காசு கொடுக்கத் தக்கது அதன் பதத்துக்குத்தான், அதாவது சூடாக்கிக் குளிர்வித்து எஃகுக்கு ஏற்றும் கடினத்துக்கும் உறுதிக்கும்தான். பட்டறைகளில் பெரும்பாலும் லாரியின் ஸ்பிரிங் பட்டையையே அடித்துக் கத்தியாக்குகிறார்கள். அதில் ஏறக்குறைய 0.5 முதல் 0.6 விழுக்காடு கார்பன் இருப்பதால், அது கடினமாக்க ஏற்ற எஃகு. உலையில் 770 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது எஃகில் காந்தம் ஒட்டாமல் போகிறது. அதற்குச் சற்று மேலே கார்பன் அணுக்கள் இரும்பின் படிக அமைப்புக்குள் பரவலாகக் கரைந்துவிடுகின்றன. உடனே நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால், வெளியேற நேரமின்றி உள்ளேயே சிக்கிக்கொள்ளும் அந்த அணுக்கள் படிகத்தை விறைக்கச் செய்கின்றன. எஃகு இப்போது மிகக் கடினமானது, ஆனால் கல்லில் பட்டால் தெறித்துவிடும். எனவே அதை மீண்டும் மிதமாகச் சூடாக்குகிறார்கள். சிக்கிய கார்பனில் ஒரு பகுதி நுண்துகள்களாகப் பிரிந்து, கடினம் சற்றுக் குறைந்து, உறுதி கூடுகிறது.

வெப்பமானி இல்லாமல் கொல்லர் இதை எப்படி அளக்கிறார் என்பதுதான் இதில் சுவையான பகுதி. துடைத்துப் பளபளப்பாக்கிய எஃகின் மேல் சூட்டினால் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிறது. அதன் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் எதிரொளிக்கும் ஒளியலைகள் ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் வண்ணங்களைத் தோற்றுவிக்கின்றன. மழைநீரில் மிதக்கும் டீசல் படலத்திலும் நிகழ்வது இதுவே. சுமார் 230 டிகிரியில் வைக்கோல் மஞ்சளும், 280-ஐ ஒட்டி ஊதாவும், 300-ஐ நெருங்கும்போது நீலமும் தெரியும். கிளை சீவும் கத்திக்கு மஞ்சள் போதும்; சரளையில் மோதவேண்டிய மண்வெட்டியை ஊதாவுக்கோ நீலத்துக்கோ கொண்டுபோவதே நல்லது.

சாணைச் சக்கரத்தில் அவசரமாகத் தீட்டும்போது கத்தியின் விளிம்பு நீலமானால், பதம் இறங்கிவிட்டது என்று பொருள். இரண்டொரு நொடிக்கு ஒரு முறை தண்ணீரில் நனைத்துத் தீட்டுவது இதைத் தவிர்க்கும். அரமும் கல்லும் கொண்டு கையால் தீட்டினால் இந்தக் கவலையே இல்லை.

காம்புக்கு, இழை நேராக ஓடும் முற்றிய புளியங்கம்பு சிறந்தது. குலசேகரம் பக்கம் எளிதில் கிடைக்கும் ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி; மருந்திடாமல் செருகினால் வண்டும் பூஞ்சையும் பிடிக்கும். உரம் படிந்த தகட்டைக் கழுவாமல் வைத்தால், உப்பு ஈரத்தை இழுத்துத் துருவை விரைவுபடுத்தும் என்பதால், கழுவித் துடைத்து எண்ணெய் தடவி வைக்க வேண்டும்.

தோவாளைப் பிச்சிக்கொடி போன்ற பச்சைத் தண்டுகளைக் கவாத்து செய்ய, இரு அலகுகளும் ஒன்றையொன்று உரசிக் கடக்கும் கத்தரியே ஏற்றது. தட்டையான அடிப்பலகையில் அலகு அமரும் வகை, காய்ந்த குச்சிக்கு மட்டும் போதும், பச்சைத் தண்டை நசுக்கிவிடும். உரசிக் கடக்கும் கத்தரியிலும் தாங்கும் அலகின் பக்கம் சிறிது நசுங்கும். எனவே கூரிய அலகு செடியில் நிற்கும் பகுதியை ஒட்டி இருக்கும்படி பிடிக்க வேண்டும். நசுங்கும் பக்கம் வெட்டி எறியப்படும் துண்டோடு போய்விடும்.